கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது இடுப்பில் எந்தப் பிஸ்டல்?

கேள்வி: அண்ணே, வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கடை நடத்துகிறேன். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்குத்தான் பூட்டுவோம். வாரத்தில் இரண்டு நாள் மனைவி தனியாகப் பூட்டுவார். போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பிடுங்கிப் போனார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் சரியான தூக்கமில்லை. பக்கத்துக் கடைக்காரர், பாக்கெட்டில் போட்டுக்கொள்ள .380 என்ற சின்னத் தோட்டா போடும் குட்டிப் பிஸ்டல் போதும் என்கிறார். யூடியூபில் எல்லாரும் கிளாக் 19 என்கிறார்கள். துப்பாக்கிக் கடையில் மனைவிக்கென்று ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வரை எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது? எனக்குக் கொஞ்சம் தொப்பை, மனைவி ஒல்லியான உடம்பு. வீட்டில் 9 வயது மகள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் மச்சான் சனி ஞாயிறில் கடைக்கு வந்து கைகொடுப்பார். அந்த நேரத்தில் அவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து வைக்கலாமா?

பதில்: தம்பி, மாடல் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9 எம்.எம். தோட்டா போடுகிற, பட்டையான, தோட்டா இல்லாமல் அரைக் கிலோவை ஒட்டி எடையுள்ள பிஸ்டல் உங்களுக்குச் சரியாக இருக்கும். கிளாக் 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ், சிக் பி365எக்ஸ்எல் மூன்றும் அந்த வகை. ஷூட்டிங் ரேஞ்சில் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே நாளில் மூன்றையும் சுட்டுப் பாருங்கள். எது கைக்குப் படிகிறதோ அதை வாங்குங்கள். விலை ஏறக்குறைய 400 டாலரிலிருந்து 600 டாலருக்குள் முடியும்.

ஏன் இந்த வகை என்று தெரியாமல் வாங்கினால், சில மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விடும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். பெரிதாக வாங்கியவர் கனக்கிறது என்று வீட்டில் வைத்துவிடுகிறார். குட்டியாக வாங்கியவர் கை வலிக்கிறது என்று பயிற்சியை விட்டுவிடுகிறார். ஆகவே உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். காலையில் மகளைப் பள்ளியில் விடுகிறீர்கள், கோக் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறீர்கள், கூலருக்குப் பின்னால் குனிந்து நிமிர்கிறீர்கள், அப்புறம் மணிக்கணக்கில் கல்லா ஸ்டூலில் உட்காருகிறீர்கள். ஹூஸ்டன் ஆகஸ்ட் புழுக்கத்தில் மேலே இருப்பது ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை. இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கிற பிஸ்டல்தான் தினமும் உடம்பில் இருக்கும்.

கிளாக் 19-ஐ யூடியூபில் புகழ்வதில் தப்பில்லை. 1988-இல் வந்த மாடல், 15 தோட்டா கொள்ளும், சுடுவதற்கு இதைவிடச் சுலபமானதைக் காண்பது கஷ்டம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் கையில் கொடுப்பதே இதைத்தான். ஆனால் காலி எடையே சுமார் 670 கிராம், தோட்டாக்களை நிரப்பினால் 850-ஐத் தாண்டும். இன்னொரு விஷயம், கடையில் பிஸ்டல் பார்க்கிறவர்கள் எல்லாரும் குழல் எவ்வளவு நீளம் என்றுதான் பார்ப்பார்கள். குழல் பெல்ட்டுக்குக் கீழே பேண்ட்டுக்குள் போய்விடும், அது யார் கண்ணுக்கும் படாது. சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்பது கைப்பிடி. கிளாக் 19-இன் கைப்பிடி தடிமன். தொப்பை இருந்தால் முன்பக்கம் செருகிய பிஸ்டலின் கைப்பிடியை வயிறு வெளியே தள்ளும். நீங்கள் முன்பக்கம் வைக்க வேண்டாம். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பாருங்கள். அங்கே கைப்பிடி விலாவோடு ஒட்டி நிற்கும், உட்காரும்போதும் குத்தாது.

பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் .380 இதற்கு நேர் எதிர்க் கோடி. ரூகர் எல்சிபி 2008-இல் வந்தபோது சட்டைப் பை அளவுக்கு ஒரு பிஸ்டலா என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். இப்போதைய எல்சிபி மேக்ஸில் 10 தோட்டா போகும், எடை 300 கிராம்தான். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, உண்மை. ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது வரும் உதை முழுதும் உள்ளங்கைக்குத்தான் வரும். சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமிருக்காது. .380 தோட்டாப் பெட்டி 9 எம்.எம். பெட்டியைவிட விலையும் அதிகம். வலியும் செலவும் சேர்ந்தால் யார் பயிற்சிக்குப் போவார்கள்? ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேண்ட் பாக்கெட்டிலிருந்து எதையாவது அவசரமாக எடுத்துப் பாருங்கள், சாவிக்கொத்தே வராது. பிறகும் அதுதான் வேண்டும் என்றால், ட்ரிகரை (விசையை) மூடுகிற பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது பிஸ்டல் உறை, கட்டாயம் வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, லைட்டர் எதுவும் கூடவே இருக்கக் கூடாது.

நடுவில் இருக்கும் இந்தப் பட்டை வகை அண்மைக்காலத்தில் வந்தது. அதற்கு முன் ஒல்லியான 9 எம்.எம். வேண்டுமென்றால் 2012-இல் வந்த பழைய ஷீல்டு, 2015-இல் வந்த கிளாக் 43 போன்றவைதான். மேகசின் என்ற தோட்டாக்கூட்டில் ஆறு, ஏழு தோட்டா, நீளமான மேகசின் போட்டால் எட்டு. 2018-இல் சிக் பி365 அதே ஒல்லியான உடம்பில் தோட்டாக்களைச் சற்றே மாற்றி மாற்றி அடுக்கிப் பத்தை நுழைத்துவிட்டது. அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் வந்தது, 2021-இல் ஷீல்டு பிளஸ் வந்தது. அதனால் பழைய மாடல்கள் இன்று செகண்ட் ஹேண்டில் மலிவு. கையில் பணம் குறைவாக இருந்தால் அவற்றையும் ஒதுக்க வேண்டாம்.

சிக் என்றதும் பி320 பற்றிக் கேட்பீர்கள். ட்ரிகரைத் தொடாமலே அது வெடித்ததாகப் பல வழக்குகள் நடந்திருக்கின்றன, கம்பெனி மறுக்கிறது. பி365 வேறு வடிவமைப்பு. ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்த நினைப்பே ஓடும் என்றால் மற்ற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். சுண்டுவிரல் உட்பட மூன்று விரலும் கைப்பிடியைச் சுற்றி உட்காருகிறதா? ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகர் மேல் நேராகப் படுகிறதா, இல்லை எட்டிப் பிடிக்கக் கையைத் திருக வேண்டியிருக்கிறதா? பிஸ்டல் காலி என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்த பிறகுதான் இந்தச் சோதனை. அப்போதும் அதை யார் மேலும் நீட்டக் கூடாது.

மனைவிக்கு எடுத்து வைத்த ரிவால்வரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பெண் உள்ளே வந்தால் உடனே ஷோகேஸிலிருந்து அந்தக் குட்டி .38-ஐ எடுப்பது இங்கே பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. சின்னதாக இருக்கிறது, சிக்கலில்லை என்பது அவர்கள் கணக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ரிவால்வர் நானூறு கிராம் சொச்சம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்குக் குறையாத பலம் வேண்டும். குறி பார்க்க உச்சியில் ஒரு சின்னப் பள்ளம்தான் இருக்கும். உதை பலமாக இருக்கும். நீண்ட நாள் பழகிய கைக்கு அது நல்ல ஆயுதம். புதிதாகக் கற்கிற ஒல்லியான கைக்கு அதைக் கொடுப்பது அநியாயம். நீங்கள் வாங்குகிற அதே பட்டை வகைப் பிஸ்டலை அவரும் சுட்டுப் பார்க்கட்டும். தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கிற மேல்பகுதியான ஸ்லைடை இழுக்கப் பலம் போதவில்லை என்றால் ஷீல்டு ஈஸி என்று ஒரு மாடல் இருக்கிறது, 9 எம்.எம்.மில் 2020-இல் வந்தது. ஸ்லைடு பூப்போல வரும், மேகசினில் எட்டு தோட்டா. செகண்ட் ஹேண்டாக வாங்கினால் மட்டும் சீரியல் எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்துச் சரிபாருங்கள். 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்த சிலவற்றை, தோட்டாவை வெடிக்க வைக்கும் உட்பகுதியான சுத்தியலில் கோளாறு என்று திரும்ப அழைத்தார்கள்.

ஈஸிக்குப் போவதற்கு முன் இதையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடு வரவில்லை என்று சொல்கிறவர்கள் அநேகமாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் கிள்ளி இழுக்கிறார்கள். பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவர வேண்டும். முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து முழுதாகக் கவ்விக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதற்குப் பதில் தள்ளும்போது தோளும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். முடியாது என்று நின்றவர்கள் இப்படிச் செய்து சிரித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனைவியின் உடை இன்னொரு பிரச்சினை. சுடிதாருக்கு பெல்ட் கிடையாது. கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார், வேண்டாம். பையைத்தான் திருடன் முதலில் பிடுங்குவான், பையைத்தான் மகள் சாக்லேட் தேடித் திறப்பாள். துணியால் செய்த மெத்தென்ற இடுப்புப் பட்டையும் வேண்டாம், துணி வழியாக ட்ரிகர் அழுந்தும். ஹோல்ஸ்டரோடு தனி பெல்ட் சேர்ந்தே வருகிற அமைப்புகள் கிடைக்கின்றன. பேண்ட்டோடு சம்பந்தமில்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே குர்த்தாவைப் போட்டுக்கொள்ளலாம்.

ஹோல்ஸ்டரில் காசைப் பார்க்காதீர்கள். பிஸ்டலுக்கு 500 டாலர் கொடுத்தவர் ஹோல்ஸ்டருக்கு 15 டாலர் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். ட்ரிகரை முழுதாக மூட வேண்டும், தலைகீழாகக் குலுக்கினாலும் பிஸ்டல் விழக் கூடாது. கூடவே ஒரு விறைப்பான பெல்ட். இதற்கு 60, 80 டாலர் ஆகும், ஆகட்டும்.

வெளியே எடுக்கும்போது விபத்து குறைவு. திரும்பச் செருகும்போதுதான் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள். சட்டை நுனியோ, ஜாக்கெட்டின் இழுகயிறோ ஹோல்ஸ்டர் வாய்க்குள் போய் ட்ரிகரில் மாட்டும். பிஸ்டல் இறங்க மறுக்கும், ஆள் எரிச்சலில் இன்னும் கொஞ்சம் அழுத்துவார், வெடிக்கும். ஆகவே இடது கையால் சட்டையை நன்றாக மேலே தூக்கிப் பிடியுங்கள், ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பாருங்கள், விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து மேலே நீட்டிவையுங்கள், மெதுவாக இறக்குங்கள். எங்காவது தட்டினால் நிறுத்தி வெளியே எடுத்துப் பாருங்கள். வேகமாகச் செருகுகிறவருக்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. இதை முதல் இரண்டு வாரம் காலிப் பிஸ்டலோடு வீட்டில் பழகுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

காலி செய்வதிலும் வரிசை முக்கியம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம் ஸ்லைடை இழுத்து சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும், பிறகு கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் மேகசினிலிருந்து புதுத் தோட்டா ஏறிக்கொள்ளும். அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டு ‘காலி’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தோட்டா விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 9 எம்.எம்.மை விட்டுப் பெரிய தோட்டாக்களுக்குப் போனது, 2015 வாக்கில் 9 எம்.எம்.முக்கே திரும்பி வந்தது. உடல் சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பீர் கோல்டு டாட் மாதிரி நல்ல ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழியுள்ள தோட்டா, ஏதாவது ஒன்று போதும். பயிற்சிக்கு, குண்டை உலோக உறை மூடிய சாதாரண முழுக்கவசத் தோட்டா. வாங்கிய ஹாலோ பாயின்ட் உங்கள் பிஸ்டலில் சிக்காமல் ஓடுகிறதா என்று ஒரு பெட்டியாவது சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இடுப்பில் வையுங்கள். ஹூஸ்டன் வியர்வைக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் இரும்பில் துருப்புள்ளி வரும்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருவோம். எதிரே நிற்பவன் ஏற்கெனவே துப்பாக்கியை நீட்டியிருக்கும்போது, சட்டையைத் தூக்கி உங்களுடையதை எடுத்துக் குறி பார்க்கிற அவகாசம் பெரும்பாலும் கிடைக்காது. பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். டெக்சாஸ் சட்டம் சொத்தைக் காக்கக்கூடச் சில நேரம் சுட இடம் தருகிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். கல்லாவில் இருக்கும் சில நூறு டாலருக்காக ஒரு உயிரும் பல வருட வழக்கும் வேண்டாம். பணத்தைக் கொடுத்த பிறகும் அவன் உங்களைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான், மனைவி மேல் கை வைக்கிறான் என்றால் அப்போது பிஸ்டலுக்கு வேலை வரலாம்.

கொள்ளை நடக்காமல் இருக்க வேறு வேலைகள் இருக்கின்றன. தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா, இரவுக் கடைகளுக்கென்றே 1998-இல் பரிந்துரைகள் வெளியிட்டது. போட்ட பணத்தைக் கடைக்காரரே திரும்ப எடுக்க முடியாத பெட்டகம், கல்லாவில் குறைந்த ரொக்கம், வெளியே நல்ல வெளிச்சம், தெருவிலிருந்து கல்லா தெரிகிறபடி கண்ணாடி. உங்கள் ஜன்னலில் பீர் விளம்பரமும் லாட்டரி போஸ்டரும் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள். அந்த இரண்டு இரவும் மனைவி தனியாகப் பூட்டுவதை நிறுத்த முடியுமானால், நான் சொல்லும் எந்தப் பிஸ்டலையும்விட அது பெரிய பாதுகாப்பு.

வீட்டில், பிஸ்டல் உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. தலையணைக்கடியில், பீரோ மேலே, துணிக்கடியில் என்பதெல்லாம் 9 வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம். பட்டன் எண்ணை அழுத்தினால் திறக்கிற சின்னப் பெட்டிகள் கிடைக்கும். கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தப்பாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால், தூக்கமின்மை அந்த அளவுக்குப் போயிருந்தால், இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

சட்டத்தில் உங்களைத் தொடுகிறதை மட்டும் சொல்கிறேன். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், அதில் ஒரு பொய்கூட எழுதக் கூடாது. வேறு மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கலாம், ஆனால் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால் கிரீன் கார்டுக்காரரை நாட்டைவிட்டு அனுப்ப அதுவே காரணமாகலாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் லைசன்ஸ் இல்லாமலே மறைத்து வைத்துப் போகலாம் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் லைசன்ஸ் எடுங்கள். நாலைந்து மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, 50 தோட்டா சுடும் தேர்வு, 40 டாலர் கட்டணம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, மாநில லைசன்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. தினமும் மகளை விடப் போகிற உங்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் லைசன்ஸ் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கடை, ஆஸ்பத்திரி வாசல்களில் துப்பாக்கியோடு வரக் கூடாது என்று அறிவிக்கும் 30.05, 30.06, 30.07 எண் போட்ட பலகை இருந்தால் நின்று படியுங்கள். கோவிலுக்குப் போகும் நாளில் பலகை இல்லாவிட்டாலும் வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். இடுப்பில் பிஸ்டலோடு சாஷ்டாங்கமாக விழுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் கல்யாணம் என்று கிளம்பினாலும் அப்படியே. டெக்சாஸ் லைசன்ஸ் அங்கே செல்லாது.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருப்பார்கள். அந்த மாதிரித் தற்காலிக விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ஆகவே பெட்டியின் எண் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் ‘அப்பா, ஒரு தடவை சுட்டுப் பாருங்க’ என்று கையில் கொடுக்கிற ஆசையும் வேண்டாம்.

மச்சானுக்கும் இதே சட்டம்தான், எச்-1பி தற்காலிக விசா. அவரிடம் கொடுத்து வைக்கக் கூடாது, அவருக்காக நீங்கள் வாங்கவும் கூடாது. அடுத்தவருக்காகத் தன் பெயரில் படிவம் நிரப்புவது தனிக் குற்றம். அவர் கல்லாவில் நிற்கும் நேரத்தில் துப்பாக்கி கவுன்டருக்கு அடியிலும் இருக்கக் கூடாது. அதற்கு முன்னால் ஒன்று: வேறு கம்பெனி எடுத்த எச்-1பியில் இருப்பவர் சனி ஞாயிறில் உங்கள் கடையில் வேலை செய்வது அவர் விசாவுக்கே சிக்கல். சம்பளம் கொடுக்கவில்லை, சும்மா கைகொடுக்கிறார் என்று சொல்வீர்கள். அந்தப் பதில் எடுபடுமா என்று துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.